ஆர்விட் இரண்டாம் முறை கேட்கவில்லை

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தியதும் என் மனைவி டார்லா உடனே இறங்கிவிட மாட்டாள். பின்வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். கையுறைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒருமுறை உயிரோடு ஓர் ஆமை. எல்லாவற்றையும் முன்னாலிருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். நான் எங்கள் காரில் வெளியே காத்திருப்பேன். துணிப்பையும் ஐஸ் பெட்டியும் பின்னால் இருக்கும். அவள் வருவது தெரிந்ததும் நான் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொள்வேன்.

வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறவள் வார இறுதியிலும் தானே ஓட்ட வேண்டும் என்பாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஓய்வு. பனிப்புயலில் வயலும் சாலையும் ஒரே வெள்ளையாகி, எது எதுவென்று தெரியாத நாட்களில்கூட அவள் ஒரு பிள்ளையைத் தவறான வாசலில் இறக்கிவிட்டதில்லை.

நான் ஊர்க் குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும், நான் அளவுமானிகளைப் பார்ப்பேன், நடுவில் புத்தகம் படிப்பேன். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வருவேன். அவள் நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருவாள். இருவருக்கும் மாலையில் தேவைப்படுவது ஒன்றுதான். திங்கள் முதல் வியாழன் வரை எங்கள் வீட்டில் தட்டுகளின் சத்தம்தான் அதிகம். கறியும் நூடுல்ஸும் ஒரே பாத்திரத்தில் போட்டு மின்னடுப்பில் வைத்தால் இரண்டு நாளைக்கு வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசித் தீர்த்தாயிற்று. பிறகு பேசாமலும் தீர்த்தாயிற்று.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் வடக்கே ஹுல்டா ஏரி. சோள வயல்கள் முடிந்து பைன் மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் டார்லாவின் தோள்கள் சற்றே இறங்கும். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள். எதிரில் வருகிறவரும் உயர்த்துவார். யாரென்று தெரிய வேண்டியதில்லை. பாதி வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் விஸ்கான்சினில் மீன் வறுவல்தான். கூட உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ், கம்பு ரொட்டி. டார்லா ஒரு பிராந்தி குடிப்பாள் என்றால் அதற்குப் பிறகு நான் ஓட்டுவேன், இல்லையென்றால் அவளே. வீடு போய்ச் சேரும்போது ஏரி கறுத்திருக்கும். லூன் பறவை எங்கோ நடுவிலிருந்து கூப்பிடும். நாங்கள் விளக்குப் போடாமல் சிறிது நேரம் வாசல் படியில் நிற்போம்.

அது எங்கள் வீடல்ல. ஆர்விட்டினுடையது. மேட்டில், சாலையோரம் அவர் குடியிருக்கும் வீடு. சரிவில் இறங்கினால் ஏரிக்கரையில் இந்தச் சின்ன மரவீடு. ஒரே அறை, ஒரு கணப்பு, ஒரு மரப் படகுத்துறை. ஏப்ரலில் ஐஸ் உருகுவதிலிருந்து அக்டோபர்வரை எங்களுக்கு வாடகைக்குத் தருவார். தந்து தந்து, வேறு யாருக்கும் அவர் தருவதில்லை என்றாகிவிட்டது. எண்பதைத் தாண்டிய மனிதர், மனைவி இல்லை, முழங்கால் இல்லை என்பார். டார்லாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒற்றை அறை ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லித் தெரிந்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவள் கதவைச் சாத்துகிற விதத்தில் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது எதையாவது கொடுத்தால் உடனே வாங்கிவிடக் கூடாது. காபியாக இருந்தாலும் சரி.

"காபி சாப்பிடறீங்களா?" என்பார் ஆர்விட்.

"வேணாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பாள் டார்லா.

"போட்டுத்தான் இருக்கு."

"இல்லல்ல, கிளம்பிட்டோம்."

"அரைக் கப்பு?"

"அரைக் கப்புன்னா சரி."

முழுக் கப்பு வரும். கூடவே ஒரு துண்டு கேக்கும் வரும். இரண்டு முறை வேண்டாம் என்பதும் மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதும் நாங்கள் பால் குடித்த காலத்திலிருந்து பழகியது. கொடுப்பவருக்குப் பின்வாங்க இரண்டு வாய்ப்பு. வாங்குபவருக்குப் பேராசைக்காரன் என்ற பெயர் இல்லை. நான் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதைவிட மென்மையான ஏற்பாடு மனிதர்களுக்குள் அதிகம் இல்லை என்றுதான் தோன்றும்.

செப்டம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில் ஒரு மாலை. நாங்கள் மூவரும் படகுத்துறையில் இருந்தோம். ஆர்விட் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தார்.

"முழங்கால் இனிமே இந்தச் சரிவு வேணாங்குது" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். முழங்காலப் பாத்துட்டு, வயசு என்னன்னு கேட்டான். சொன்னேன். அப்படியான்னு எழுந்து கை கழுவிக்கிட்டான்."

டார்லா சிரித்தாள். ஆர்விட் சிரிக்கவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே, மீனிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கீழ்வீட்ட நீங்க ரெண்டு பேரும் வாங்கிக்கலாமே."

டார்லாவின் கை என் பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டது. அவள் வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது.

"ஐயோ, அதெல்லாம் வேணாங்க. டெக்ஸஸ்ல உங்க அண்ணன் மகன் இருக்கான்ல?"

நானும் சும்மா இருக்கவில்லை. "ஆமா, சொந்தக்காரங்க இருக்கும்போது நாங்க எப்படிங்க."

"அவனுக்குக் குளிருன்னு சொன்னாலே ஜலதோஷம் பிடிக்கும்" என்றார் ஆர்விட். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்தேன், டார்லாவும் பார்த்தாள், வாயெடுத்தார். அந்த நேரத்தில் தூண்டில் கழி வில்லாக வளைந்தது.

பெரிய பைக் மீன், நீண்ட தாடையும் கூரிய பற்களும். ஆர்விட் வாளியிலிருந்து எழ முயன்றதில் வாளியே தண்ணீரில் விழுந்தது. "வலை! வலைய எடு!" என்று கத்தினார். டார்லா செருப்போடு ஏரியில் இறங்கி, தொடைவரை நனைந்து, வலையை மீனின் தலைப்பக்கம் கொண்டுபோய் ஒரே தூக்கில் தூக்கினாள். பிறகு அதன் நீளம், அதன் பல், போன வருடம் இதைவிடப் பெரியது தப்பிப்போனது என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஆர்விட் மீனைத் தூக்கிக்கொண்டு, நின்று நின்று சரிவில் ஏறிப் போனார்.

ஞாயிறு திரும்பும்போது பைன் மரங்கள் முடிந்து சோள வயல்கள் தொடங்கின.

"கேக்க வாயெடுத்தாரு" என்றாள் டார்லா.

"ஆமா."

"இந்த மீனு வேற."

"ஆமா."

வெகுதூரம் போன பிறகு, சமாதானமான குரலில் சொன்னாள்: "அடுத்த வாரம் கேப்பாரு."

அடுத்த வாரம் கேட்கவில்லை. டார்லா ருபார்ப் தண்டு போட்ட இனிப்பு செய்து ஒரு தட்டு நிறையக் கொண்டுபோனாள். ஆர்விட் இரண்டு முறை வேண்டாம் என்று மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். மழை பற்றிப் பேசினார். நான் அவருடைய புல்லை வெட்டினேன். டார்லா படகுத்துறைக்கு வார்னிஷ் அடித்தாள். வேலை முடிந்ததும் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, ஏரியைப் பார்த்து, பெருமூச்சு ஒன்றும் விட்டாள். அதைவிட வெளிப்படையாக எங்கள் பக்கத்தில் யாராலும் கேட்க முடியாது. அவரும் ஏரியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நல்ல வார்னிஷு" என்றார்.

"நீயாவது கேளேன்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"என்னன்னு? எனக்கு உங்க வீடு வேணும்னா? அவரு என்ன நினைப்பாரு?"

என்ன நினைப்பார் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. மற்றவர் பொருளை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன யாரையும் எனக்குத் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் ஏரிக்கரை ஊரின் தீயணைப்புக் கொட்டகையில் சாசேஜ் சுட்டு விற்றார்கள். புதுத் தீயணைப்பு வண்டிக்குப் பணம் சேர்க்க வருடாவருடம் செய்வது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். அங்கேதான் கென் கவாலெக் எங்களைப் பிடித்துக்கொண்டார். சிகாகோக்காரர். இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆர்விட்டின் வீட்டுக்கு அடுத்த பெரிய வீட்டை அந்தப் பருவத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். உரக்கச் சிரிப்பார். நாங்கள் வேண்டாம் என்று ஒருமுறை சொல்வதற்குள் எங்கள் சாசேஜுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதிகாலையில் அவர் தனியாகக் கரையில் நின்று ஏரிப் பனியைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்ப்பவரைக் கெட்டவர் என்று எப்படிச் சொல்வது.

"ஒரு நல்ல சேதி சொல்லட்டுமா?" என்றார் கென். "ஆர்விட்டோட அந்தக் குட்டி வீடு இருக்குல்ல, அத நான்தான் வாங்கப்போறேன்."

டார்லா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்படியா?"

"அவரே கேட்டாரு. 'உங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருந்தா இந்தக் கீழ்வீட்ட வாங்கிக்கலாமே'ன்னாரு. வாங்கிக்கறேன்னேன். அவ்வளவுதான்! சிகாகோல ஒரு வீடு வாங்கணும்னா வருஷக்கணக்கா அலையணும். இங்க பாருங்க, ஒரே பேச்சு."

"அவரு என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ஏரியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. மனசு நிறைஞ்சிருச்சு போல."

"ரொம்ப நல்லது" என்றாள் டார்லா. "நல்ல இடம். காலைல கிழக்கு வெயில் நேரா உள்ள வரும்." சொல்லிவிட்டு அவர் தோளில் லேசாகத் தட்டினாள். இதைச் செய்ய எவ்வளவு பலம் வேண்டும் என்று கென்னுக்குத் தெரியாது.

அன்று வீடு திரும்பும்போது அவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் தாண்டி, தானியக் கிடங்கு வரை. கிடங்கின் முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சற்று நேரம் இருந்தாள். பிறகு திருப்பினாள்.

அந்த வாரம் அவள் குளிர்சாதனப் பெட்டியை முழுக்க இறக்கிக் கழுவினாள். பிறகு சமையலறை இழுப்பறைகளை. வியாழக்கிழமை கார் கொட்டகையை ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று அவள் கொடுத்ததை வாங்கி வாங்கி வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை படகுத்துறையை ஏரியிலிருந்து எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் குளிர்காலத்து ஐஸ் அதைத் தீக்குச்சிபோல ஒடித்துவிடும். அதற்குத்தான் போனோம், கடைசி முறையாக என்று இருவரும் நினைத்துக்கொண்டு. வெள்ளி மாலை ஆர்விட் எங்களைப் பார்க்கத் தன் நாயோடு கீழ்வீட்டு வாசலுக்கு இறங்கி வந்தார். அதே நேரத்தில் கென்னும் வந்தார்.

"ஆர்விட்! இத முறைப்படி முடிச்சுக்கலாமே" என்று கையை நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் பத்திரம் எல்லாம் பிறகுதான். கை குலுக்கிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள். ஆர்விட் கென்னின் கையைப் பார்த்தார். குனிந்து, முழங்கால் முனக, வாசலில் கிடந்த விறகுகளை இரு கைகளாலும் அள்ளிக்கொண்டார்.

"இத உள்ள வெச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

"குடுங்க, நான் வெக்கறேன்" என்று கென் விறகை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஆர்விட்டின் கைகளில் நாய் இருந்தது. கொழுத்த, வயதான நாய். அதைத் தூக்குவதை நான் பார்த்ததே இல்லை. நாய்க்கும் அது புதிதாக இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் டார்லாவிடம் சொன்னேன். "அவரு இன்னும் கை குடுக்கல."

"என்ன?"

"விறகு. அப்புறம் நாயி. போன வாரம் தீயணைப்புக் கொட்டகைலகூட தூரத்துல நின்னாரே, ரெண்டு கையிலயும் சாசேஜு தட்டு. அவரு சாசேஜே சாப்பிடமாட்டாரு டார்லா, வயித்துக்கு ஆகாது."

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, சரிவின்மேல் எரிந்த ஆர்விட்டின் சமையலறை விளக்கைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். "கென்ன மரியாதைக்குக் கேட்டிருக்காரு. வேணாம்னு சொல்லுவான்னு நினைச்சிருக்காரு. இப்போ சொன்ன சொல்ல எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியாம நாயத் தூக்கிட்டு அலையறாரு."

"அப்படித்தான்."

"அப்போ பேரம் முடியல. இன்னும் முடியல." எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் கேக்கப்போறேன்."

"எப்படிக் கேப்ப?" என்றேன்.

"தெரியல."

மறுநாள் காலை குளிர். தண்ணீருக்கு மேல் புகைபோல ஆவி. நானும் டார்லாவும் மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு இறங்கினோம். கென்னும் வந்தார், அவருடையது புத்தம் புதியது, விலைச்சீட்டுகூட இருந்தது. ஆர்விட் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நட்டுகளைக் கழற்றும் பெரிய திருகியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதை முதலில் கழற்றுவது என்று சொன்னார். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, தூக்கி, கரையேற்றினோம். கென் நன்றாக உழைத்தார். ஒருமுறை சேற்றில் வழுக்கி உட்கார்ந்து தானே சிரித்தார். கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியபோது, எல்லாருக்கும் சூடாக ஏதாவது கொண்டுவருகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

டார்லா தண்ணீரிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட, ஆர்விட்டின் முன்னால் போய் நின்றாள். நான் தண்ணீரிலேயே நின்றேன்.

"ஆர்விட், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் வேணாம்னேன். அப்புறம் நீங்க ஏன் மறுபடி கேக்கல?"

ஆர்விட் திருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டேனே. நீ ஒரு தடவ வேணாம்ன. உன் புருஷன் ஒரு தடவ வேணாம்னான். ரெண்டாச்சு."

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவ!"

"அது ரெண்டுதானே. காபின்னா மூணாவது கேக்கலாம். வீட்ட எப்படிம்மா மூணாவது கேக்கறது? கழுத்தப் பிடிச்சு விக்கற மாதிரி இருக்காது?"

டார்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் காத்திருந்ததும், இழுப்பறைகளைக் கழுவியதும், இந்த மனிதர் நாயைச் சுமந்ததும் இந்த ஒரு கணக்கினால்தான். யாரும் யார்மேலும் ஒரு பாரத்தையும் வைத்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்ததில் மூன்று பேரும் நசுங்கிப்போயிருந்தோம். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒருவர் வேண்டாம் என்றதை அவ்வளவு மதிக்கிற மனிதரை நான் வேறெங்கே போய்ப் பார்ப்பேன்.

"சரி" என்றாள் டார்லா. "இப்போ கேளுங்க."

"என்ன கேக்கறது?"

"அதையே. மறுபடி."

ஆர்விட் தொண்டையைச் செருமினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "டார்லா, இந்தக் கீழ்வீட்ட நீங்க ரெண்டு பேரும் வாங்கிக்கலாமே."

"ஐயோ, வேணாங்க" என்றாள் டார்லா.

சொன்ன உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்விட் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "இப்போ மூணாச்சே" என்றார்.

"இல்ல இல்ல! அது எண்ணக்கூடாது! தானா வந்துருச்சு! ஆர்விட், தயவுசெஞ்சு, இன்னொரு தடவ."

"வாங்கிக்கறியா, இல்லியா?" என்றார் அவர். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

"வாங்கிக்கறேன்."

ஆர்விட் திருகியை மடியிலிருந்து எடுத்துப் புல்லில் வைத்தார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் எழ முயல்வதற்குள் டார்லா குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். குலுக்கியதா, சும்மா பிடித்துக்கொண்டிருந்ததா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் விடவில்லை.

"அந்த ஆளுகிட்ட யாரு சொல்றது?" என்றார் ஆர்விட். முகத்தில் மறுபடி பழைய பயம். "நான்தான் சொல்லணும். என் வாயிலேருந்து வந்தது."

"நான் சொல்றேன்" என்றாள் டார்லா.

கென் பெரிய குடுவையும் கோப்பைகளுமாகச் சரிவில் இறங்கி வந்தார். டார்லா அவர் கோப்பைகளைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, மழை, இலை, எதுவும் பேசாமல், நேராகச் சொன்னாள்.

"கென், இந்த வீடு எனக்கு வேணும்."

வேணும் என்று தனக்காக அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பாதிரியார் கேட்ட கேள்விக்கு வாய்விட்டுச் சொல்லாமல் தலையைத்தான் முதலில் ஆட்டினாள்.

"புரியல" என்றார் கென்.

"ஆர்விட் எங்கள முன்னாடியே கேட்டாரு. நாங்க வேணாம்னோம். வேணாம்னு அர்த்தம் இல்ல அது. உங்களக் கேட்டது மரியாதைக்கு. நீங்க சரின்னதும் அவருக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க மேல தப்பு இல்ல. எங்க மேலதான். ஆனா எனக்கு இந்த வீடு வேணும். இன்னைக்குத்தான் அத வாய்விட்டுச் சொல்றேன்."

கென் ஆர்விட்டைப் பார்த்தார். ஆர்விட் இம்முறை ஏரியைப் பார்க்கவில்லை. கென்னைத்தான் பார்த்தார். "என்ன மன்னிச்சிடுங்க" என்றார். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"எத்தனை வாரம்!" என்றார் கென். குரல் உயர்ந்தது. "என் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். அவ பிள்ளைங்களுக்குத் துடுப்புப் படகு பாத்துவெச்சிட்டேன். இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட நேரா ஒரு வார்த்த சொல்ல வராதா? தீயணைப்புக் கொட்டகைல நீங்க என் தோளத் தட்டினீங்க! கிழக்கு வெயிலு வரும்னீங்க!"

"வரும்" என்றாள் டார்லா. "அதுல பொய் இல்ல."

கென் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்; சொன்னால் கெட்டுவிடும் என்றும் நினைத்தேன். ஏரியில் அலை வந்து கடைசித் துண்டின் கால்களில் மோதிக்கொண்டிருந்தது. நான் பல மௌனங்களை விரும்பியிருக்கிறேன். இதை விரும்பவில்லை. ஆனால் அது நடக்க வேண்டியிருந்தது.

பிறகு அவர் திரும்பினார். முகம் இன்னும் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கி, துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "பிடிங்க" என்றார். "இத விட்டுட்டுப் போக முடியாதுல்ல."

நானும் அவரும் தூக்கினோம். ஈரத்தில் ஊறிப் பெருத்த பலகை, கனத்தது. கரையேற்றி மற்றவற்றின்மேல் அடுக்கினோம். அவர் கைகளைத் தட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் நான் அந்த வீட்ட எடுப்பேன்" என்று மேட்டைக் காட்டினார். "உங்களுக்கு ஏதாவது வேணும்னா சொல்லுங்க. அன்னைக்கே சொல்லுங்க." போய்விட்டார். குடுவையும் கோப்பைகளும் புல்லிலேயே இருந்தன. எங்கள் பக்கத்தில் விடைபெறுவதற்குக் கதவருகே நின்று பேசி ஒரு மணி நேரம் ஆகும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் அவ்வளவு கோபத்தோடும் அவர் வந்து பாரம் தூக்கியதை நான் மறக்க மாட்டேன்.

ஆர்விட் நாற்காலியிலிருந்து எழ டார்லா கை கொடுத்தாள். அவர் மெதுவாகச் சரிவேறிப் போனார். நாங்கள் இருவரும் காலியான கரையில் நின்றோம். துறை இல்லாத ஏரி அகலமாகத் தெரிந்தது. ரப்பர் கால்சட்டைக்குள் என் கால்கள் மரத்துப்போயிருந்தன. அவள் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"லோரன்."

"ம்."

"எல்லாரையும் கேட்டுட்டேன். உன்னத்தான் கேக்கல. இத வாங்கணும்னு நானே முடிவு பண்ணிட்டேன். உனக்கு இந்த வீடு வேணுமா?"

"உனக்குப் பிடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அது இல்ல. உனக்கு."

இத்தனை வருடங்களில் நான் என்னிடமே அப்படிக் கேட்டுப் பார்த்ததில்லை. அவள் சந்தோஷத்துக்காக வருகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கதவைச் சாத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த நேரத்தில் போக மனமில்லாமல் என் கையும் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவில்லை. அவள் காத்திருந்தாள். இரண்டாம் முறை கேட்க மாட்டாள் என்று தெரிந்தது.

"வேணும்" என்றேன்.

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. டார்லா கென் வைத்துவிட்டுப்போன குடுவையைத் திறந்து, ஆவி பறக்க ஒரு கோப்பை ஊற்றி என்னிடம் நீட்டினாள். நான் உடனே வாங்கிக்கொண்டேன்.